பீவருக்கு எந்தத் தோட்டா? டிரம்மன் வாசகருக்குப் பதில்

வாசகர் கடிதம்: "நான் நோர்வேயில் டிரம்மன் பக்கம் இருக்கிறேன். போன வருடம் வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணினேன். என்னோடு வேலை செய்யும் நோர்வேக்காரர் ஒருவருக்கு டெலமார்க்கில் காடும் ஆற்றங்கரையும் இருக்கிறது. ஏப்ரலில் பீவர் சுட வா என்று கூப்பிடுகிறார். என்னிடம் இன்னும் சொந்தத் துவக்கு இல்லை. அமெரிக்கக் காணொளிகளில் .22 மக்னம் என்ற சின்னத் தோட்டாவே போதும் என்கிறார்கள். இவரோ எல்க் என்கிற பெரிய காட்டு மானைச் சுடுகிற .30-06 துவக்கையே பீவருக்கும் கொண்டு போகிறார். எனக்கு எது சரி? இறைச்சியும் தோலும் பழுதாகக் கூடாது."

தம்பி, முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கதைப்போம். பீவருக்கும் (ஆற்றங்கரை மரங்களைக் கடித்து விழுத்துகிற, தட்டை வால் உள்ள கொறிக்கும் மிருகம்) ரோ மானுக்கும் (சின்ன வகை மான்) மட்டும்தான் என்றால் .222 ரெமிங்டன் அல்லது .223 ரெமிங்டன் வாங்குங்கள், இந்த எண்களெல்லாம் தோட்டா வகைகளின் பெயர்கள். நாளைக்கு எல்க்குக்கும் போகிற ஆசை இருந்தால் (இந்த நாட்டில் வேட்டைக்கு இறங்கிய ஆட்களுக்கு அந்த ஆசை இரண்டாம் வருடமே வந்துவிடும்) 6.5×55 ஒன்றை வாங்குங்கள், இரண்டுக்கும் சரி. .22 மக்னத்தை மறந்துவிடுங்கள், அது இங்கே சட்டப்படி பீவருக்குச் செல்லாது. உங்கள் நண்பருடைய .30-06 தேவைக்கு மிஞ்சியதுதான், ஆனால் அவர் செய்வதில் பிழை இல்லை.

தோட்டா, சன்னம் என்ற இரண்டையும் நம்மவர்கள் ஒன்றாகவே சொல்லுவார்கள். நான் இதில் தோட்டா என்று சொல்வது பித்தளைக் கோதும் மருந்தும் சன்னமும் சேர்ந்த முழுப் பொருளை, சன்னம் என்பது முனையில் இருந்து பறந்து போகிற அந்த உலோகத் துண்டை மட்டும். பீவர் விசயத்தில் தோட்டாவின் பெயரை விட சன்னத்தின் வகைதான் கூட வேலை செய்கிறது, அதனால் பிரித்துச் சொல்கிறேன்.

சட்டத்தில் இருந்து தொடங்குவோம். நோர்வேயில் பீவர், ரோ மான் போன்றவற்றைச் சுடுகிற தோட்டா 100 மீற்றர் தூரத்தில் குறைந்தது 980 யூல் சக்தியோடு போய் அடிக்க வேண்டும், சன்னமும் உடலுக்குள் போய் விரிகிற வகையாக இருக்க வேண்டும். 980 என்று ஏன் இப்படி ஒரு முழுமையில்லாத எண் என்று நானும் ஒரு காலத்தில் யோசித்ததுண்டு. பழைய அளவில் அது 100 கிலோகிராம் மீற்றர், 9.8 ஆல் பெருக்கினால் 980 வருகிறது, அவ்வளவுதான். சுவீடனில் இதே பீவருக்கு 100 மீற்றரில் 800 யூல் கேட்கிறார்கள். அதனால் எல்லை தாண்டி வேட்டைக்குப் போகிறவர்கள் ஒரு நாட்டு அளவை மற்ற நாட்டில் நம்பிக்கொண்டு நிற்கக் கூடாது.

கடையில் தோட்டாப் பெட்டியைக் கையில் எடுத்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். வேகமும் சக்தியும் ஒரு சின்ன அட்டவணையில் இருக்கும்: துவக்கின் வாயில் எவ்வளவு, 100 மீற்றரில் எவ்வளவு, சில பெட்டிகளில் 200, 300 மீற்றருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது 100 மீற்றர் என்று போட்டிருக்கிற இடத்துச் சக்தியை. வாயில் இருக்கிற எண்ணைப் பார்த்து ஏமாந்து போகிறவர்களை நான் கடையில் நிற்கிற காலத்தில் கனக்கக் கண்டிருக்கிறேன். இதற்கு நல்ல உதாரணம் .22 ஹோர்னெட். சன்னம் 2.9 கிராம், வாயில் வேகம் விநாடிக்கு 820 மீற்றர் என்று வையுங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த இயக்க சக்திக் கணக்குத்தான், நிறையில் பாதியை எடுத்து வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 975 யூல் வரும். அட, 980 க்கு ஒரு மயிரிழைதானே என்று தோன்றும். ஆனால் அந்தச் சின்னச் சன்னம் காற்றைக் கிழித்துக்கொண்டு 100 மீற்றர் போய்ச் சேரும்போது 600 யூல் அளவில்தான் மிஞ்சும். நீங்கள் 40 மீற்றரில் சுடுகிறீர்களா 100 இல் சுடுகிறீர்களா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, 100 மீற்றருக்கான எண்தான் கணக்கு. ஹோர்னெட்டின் கதை அதோடு முடிகிறது.

ஹோர்னெட்டே தேறவில்லை என்றால் .22 மக்னத்தைக் கேட்கத் தேவையில்லை. வாயிலேயே 430 யூல் அளவுதான். சாதாரண .22 எல்ஆர் 140 சொச்சம். .17 எச்எம்ஆர் நல்ல வேகமான சாமான், ஆனால் அதன் சன்னம் ஒரு கிராமைக் கொஞ்சம் தாண்டியது, சக்தி 330 அளவு. முயலுக்கும் காகத்துக்கும் சரி. வளர்ந்த பீவர் 20 கிலோவுக்குக் கிட்ட நிற்கும், சிலது 25, 30 க்கும் போகும். அதன் மண்டையோடு தடித்தது, மூளை சின்னது, உடம்பு முழுக்க நெருக்கமான மயிரும் கொழுப்பும். அதைச் சின்னத் தோட்டாவால் காயப்படுத்தினால் என்ன நடக்கும் தெரியுமா? விழாது. ஒரு பாய்ச்சலில் தண்ணீருக்குள் போய்விடும், போனால் கால் மணித்தியாலம் வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு கீழே இருக்கக் கூடிய மிருகம் அது. காட்டில் காயம்பட்ட மானை நாயைக் கொண்டு தேடலாம், இரத்தம் கிடக்கும். ஆற்றுக்குள் எதைத் தேடுவீர்கள்?

அப்படியென்றால் அந்த அமெரிக்க ஆட்கள் பொய் சொல்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. அங்கே பீவரைப் பெரும்பாலும் பொறி வைத்துத்தான் பிடிக்கிறார்கள். பொறியில் மாட்டி உயிரோடு இருப்பதை இரண்டு அடி தூரத்தில் நின்று முடித்து வைக்க .22 போதும். அந்தத் தொழிலில் ஊறியவர்கள் ".22 போதும்" என்று சொன்னால் அவர்கள் நிற்கிற இடத்தில் இருந்து அது உண்மை. நீங்கள் நிற்கப் போவது மங்கல் வெளிச்சத்தில், ஆற்றுக்கு இந்தப் பக்கம், 50 மீற்றர் தள்ளி. மிருகம் கூட வேறுதான்: அங்கே இருப்பது கனடா பீவர், இங்கே ஐரோப்பிய பீவர். பார்க்க ஒன்று போல இருந்தாலும் ஒன்றுக்கு 40 நிறமூர்த்தம், மற்றதற்கு 48, இரண்டும் சேர்ந்து குட்டி போடாது. பின்லாந்தில் 1937 இல் அமெரிக்காவில் இருந்து ஏழு பீவர்களைக் கொண்டு வந்து விட்டார்கள், இரண்டும் வேறு இனம் என்று அந்த நேரத்தில் தெரியாது. இன்றைக்கு அங்கே அந்த விருந்தாளிகள்தான் வீட்டுக்காரரை விடக் கூட.

இன்னொரு விசயம், பெயரைப் பற்றியது. தமிழில் சில இடங்களில் பீவரை "நீர்நாய்" என்று எழுதி விடுகிறார்கள். நீர்நாய் வேறு மிருகம், மீன் பிடித்துத் தின்கிறது, வால் நீளமாக உருண்டு கூராகப் போகும், நோர்வேயில் அது பாதுகாக்கப்பட்ட இனம். மாலை மங்கலில் தண்ணீரில் ஒரு தலை மட்டும் தெரியும்போது இந்த வித்தியாசம் அகராதிப் பிரச்சினையாக இருக்காது, உங்கள் வேட்டை உரிமைப் பிரச்சினையாகிவிடும். பீவர் நீந்தும்போது ஒரு மரக்குற்றி மிதப்பது போல நேராகவும் அமைதியாகவும் போகும். நீர்நாய் நெளிந்து நெளிந்து போகும், முங்கி முங்கி எழும்பும். வடிவாகத் தெரியவில்லை என்றால் விரலை எடுத்துவிடுங்கள்.

சரி, இனி சுடக் கூடிய தோட்டாக்கள். .222 இல் 3.2 கிராம் சன்னம், 100 மீற்றரில் 1100 யூல் அளவில் வரும். இந்த நாட்டில் ரோ மான் சுடுகிறவர்களின் பழைய காதல் அது. உதை இல்லை, சத்தம் குறைவு, தோலில் சின்ன ஓட்டை. .223 இல் 3.6 கிராம் சன்னம், 1300 அளவில். தோட்டா எந்தக் கடையிலும் இருக்கும், வகையும் கூட, விலையும் பெரும்பாலும் குறைவு. புதிதாக வாங்குகிறவருக்கு நான் .223 ஐத்தான் காட்டுவேன். அதிலும் குழலின் முறுக்கு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். குழலுக்குள் இருக்கிற புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்பதுதான் முறுக்கு. பழைய .222 களில் பெரும்பாலும் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அது மெதுவானது. .223 இல் 12, 9, 8 என்று பல வகை வரும். ஈயம் இல்லாத செப்புச் சன்னம் அதே நிறைக்கு ஈயச் சன்னத்தை விட நீளமாக இருக்கும், நீளமான சன்னத்தை நேராகப் பறக்க வைக்க வேகமான முறுக்கு வேண்டும். 14 அங்குலக் குழலில் நீளமான செப்புச் சன்னத்தைப் போட்டுவிட்டு "இந்தத் துவக்கு கூடாது, கை அளவு வட்டத்துக்குள்ளேயே விழுகுதில்லை" என்று திருப்பிக் கொண்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். துவக்கில் ஒரு குறையும் இல்லை. சின்னக் குழந்தைகள் சாப்பிடுகிற வீடு என்றால் ஈயத்தைத் தவிர்ப்பது நல்லது, அதனால் 8 அல்லது 9 அங்குல முறுக்கைப் பாருங்கள்.

சின்னத் தோட்டாவில் ஒரு பொறி இருக்கிறது. .222, .223 இரண்டுக்கும் நரிக்கென்று செய்த சன்னங்கள் விற்கிறார்கள், தோல் மெல்லியது, முனையில் நிறப் பிளாஸ்டிக் வைத்தது, பட்டவுடன் தூள் தூளாகச் சிதறும். பெட்டியில் இருக்கிற யூல் கணக்கு அழகாகப் பாஸாகும். ஆனால் பீவரின் தோள் எலும்பில் பட்டால் மேலேயே வெடித்து ஒரு பெரிய புண்ணைக் கிண்டிவிட்டு நின்றுவிடும், உள்ளே போகாது. மிருகமும் சாகாது, தோலும் போய்விடும், உங்கள் கேள்வியில் இருந்த இரண்டு பயமும் ஒரே சூட்டில் நடக்கும். ரோ மானுக்கு என்று சொல்லி விற்கிற, மெதுவாக விரிகிற, கட்டியான சன்னத்தையே கேளுங்கள். அதே மாதிரி, சுடும் பயிற்சி மைதானத்தில் மிச்சமான முழு உறைச் சன்னங்களையும் கொண்டு போகாதீர்கள். அவை விரியாது, பீவருக்குச் சட்டப்படியும் ஆகாது.

பெரிய தோட்டா இறைச்சியைக் கெடுக்கும் என்பது பாதி உண்மை. கெடுப்பது வேகம். 6.5×55 இல் 10.1 கிராம் சன்னம் விநாடிக்கு 780 மீற்றர் அளவில்தான் புறப்படுகிறது, 100 மீற்றரில் 2500 யூல் சொச்சம் இருந்தாலும் அது ஒரு நிதானமான சாமான், ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வரும், இடையில் சதையைக் கஞ்சியாக்காது. விநாடிக்கு 980 மீற்றரில் பறக்கிற மெல்லிய .223 சன்னம் அதை விட மோசமாகக் கிழித்ததை நான் தோல் உரிக்கும்போது பார்த்திருக்கிறேன். 6.5×55 நோர்வேயும் சுவீடனும் ஒரே முடியின் கீழ் இருந்த 1890 களில் இரண்டு நாடும் சேர்ந்து இராணுவத்துக்கு உருவாக்கியது, நூறு வருடத்துக்கு மேலாக இங்கே எல்க் விழுகிறது அதில். எல்க்குக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 9 கிராம் சன்னம், 10 கிராமுக்கு மேல் போனால் 100 மீற்றரில் 2200 யூல். 10.1 கிராம் அதைத் தாண்டும். .243 வின்செஸ்டரை சிலர் நடுவழி என்று சிபாரிசு செய்வார்கள். பீவருக்கு அது அருமைதான், ஆனால் சன்னம் 6.5 கிராம், எல்க்குக்கு ஆகாது, பிறகு இன்னொரு துவக்கும் இன்னொரு அலுமாரிப் பூட்டும். .308 நல்லது, தோட்டா எங்கும் கிடைக்கும், ஆனால் புதியவருக்கு உதை கொஞ்சம் கூட. நண்பரின் .30-06 இல் 11.7 கிராம் சன்னம் 3300 யூலுக்கு மேல் கொண்டு போய்க் கொட்டும். விலா எலும்புக்கு நடுவில் பட்டால் பரவாயில்லை, தோளில் பட்டால் முன்கால் இரண்டும் நாய்க்குத்தான்.

தோட்டாவைப் பற்றி இவ்வளவும் எழுதிவிட்டேன், ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு சொல் கூட இல்லாத விசயம் தண்ணீர். பீவர் வேட்டையில் எல்லாம் தண்ணீருக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. சன்னம் தண்ணீரில் சரிவாகப் பட்டால், சின்ன வயதில் குளத்தில் ஓட்டுத் துண்டை எறிந்து தவளை விட்டோமே, அதே மாதிரித் துள்ளி மேலே எழும்பி அக்கரைக்குப் போகும். எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அக்கரையில் றோட்டு இருக்கலாம், மரவீடு இருக்கலாம், உங்களைப் போலவே இன்னொருவர் பீவருக்குக் காத்துக்கொண்டு குந்தியிருக்கலாம். .22 எல்ஆர் சன்னமே ஒன்றரைக் கிலோமீற்றர் போகும், பெரிய றைபிள் சன்னங்கள் மூன்று, நான்கு கிலோமீற்றர் தாண்டும். ஏப்ரலில் கரையோரப் பனிக்கட்டி இன்னும் இருந்தால் அதுவும் தண்ணீரைப் போலத்தான், உறைந்த நிலமும் கற்பாறையும் அப்படியே.

அதனால் நீந்துகிற பீவரைச் சுடாதீர்கள், எந்தத் தோட்டா என்றாலும். கரையில் ஏறி இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் மண் மேடு இருக்க வேண்டும், நீங்கள் அதை விடக் கொஞ்சம் உயரத்தில் இருந்து கீழ் நோக்கிச் சுட வேண்டும். இடத்தைத் தெரிவு செய்யும்போதே இதைப் பாருங்கள்: அக்கரையில் புதிதாகக் கடித்த பேர்ச் மரக் குற்றிகள், வெள்ளை மரத்தூள், சேற்றில் வழுக்கிக்கொண்டு இறங்கின தடம், அதற்குப் பின்னால் செங்குத்தான கரை. இந்த நான்கும் சேர்ந்த இடம் ஒன்று கிடைத்தால் வேறு எங்கும் போக வேண்டாம்.

என் முதல் பீவரை நான் இழந்தேன். .222 துவக்கு, நல்ல சன்னம், 45 மீற்றர் தூரம், மிருகம் கரையோரத்தில் வயிறு நனைகிற அளவு தண்ணீரில் நின்று கொண்டு கொப்பு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துச் சோளப்பொத்தி சாப்பிடுவது போல உருட்டி உருட்டித் தின்றது. நான் நெஞ்சுக்குக் குறி வைத்ததாகத்தான் நினைத்தேன். சூடு பட்டது, சத்தமே கேட்டது, மிருகம் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. பனி உருகி ஆறு பெருகின நேரம். நான் எழும்பிக் கல்லுகளில் வழுக்கிக் கீழே இறங்குவதற்குள் நீரோட்டம் அதை இழுத்துக்கொண்டு வளைவில் திரும்பிவிட்டது. ஒரு கிலோமீற்றர் நடந்து தேடினேன், அடுத்த நாள் விடியவும் போய்த் தேடினேன், கிடைக்கவில்லை. தோட்டாவில் பிழை இல்லை. கரையில் முழுதாக ஏறும் வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும், இரண்டு நிமிடப் பொறுமை. அதற்குப் பிறகு நான் பீவருக்குப் போகும்போது துவக்கோடு கூட ஒரு பழைய தூண்டில் தடியும் கொண்டு போகிறேன், நுனியில் பெரிய முக்கொளுக்கி. விழுந்தது தண்ணீருக்குள் சறுக்கினால் எறிந்து இழுக்கலாம். வள்ளம் இருந்தால் இன்னும் நல்லது, நண்பரிடம் கேட்டுப் பாருங்கள்.

எங்கே சுடுவது? பக்கவாட்டாக நிற்கும்போது முன்காலுக்குச் சற்றே பின்னால், உடம்பின் கீழ்ப்பாதியில். இதில் புதியவர்கள் விடுகிற பிழை பின்னால் போவது. பீவர் பார்க்க ஒரு சாக்கு மூட்டை மாதிரி உருண்டையாக இருக்கும், நடுவில் குறி வைக்கத்தான் கை போகும். ஆனால் அந்த உருண்டையில் பெரும்பகுதி குடல், மரப்பட்டை செரிக்கிற பெரிய குடல். இருதயமும் நுரையீரலும் முன்னால் ஒடுங்கி, கழுத்துக்குக் கிட்ட இருக்கின்றன. நடுவில் பட்டால் உங்கள் இறைச்சியும் நாறும், மிருகமும் தண்ணீருக்குள் போய்ச் சாகும். குந்தியிருந்து தின்னும்போது இன்னும் சுருண்டுவிடும், அந்த நேரம் கொஞ்சம் பொறுங்கள், நாலு காலில் இறங்கி நடக்கும்போது சுடுங்கள். தலைக்குச் சுடுவது தோலுக்கு நல்லது என்பார்கள். தின்னும்போது அந்தத் தலை ஆடிக்கொண்டே இருக்கும். முதல் வருடம் வேண்டாம்.

கிட்டத் தூரத்தில் இன்னொரு சங்கதி. துவக்கை 100 மீற்றருக்குச் சரி செய்து வைத்திருப்பீர்கள். ஸ்கோப் (குறி பார்க்கிற தொலைநோக்கிக் கண்ணாடி) குழலுக்கு மேலே நாலு, நாலரை சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதனால் 20 மீற்றரில் சன்னம் நீங்கள் பார்க்கிற புள்ளிக்கு மூன்று சென்ரிமீற்றர் அளவு கீழே போய்ப் படும். நெஞ்சுக்கு அது பரவாயில்லை, ஆனால் மரக்குற்றி ஒன்றின் மேல் துவக்கைச் சாய்த்துக்கொண்டு படுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள், ஸ்கோப்பில் பீவர் கண்ணாடி போலத் தெரியும், குழலின் வாய்க்கு முன்னால் குற்றியின் விளிம்பு நிற்கும், சன்னம் அந்த விளிம்பைக் கிழித்துக்கொண்டு வேறெங்கோ போகும். சுடுவதற்கு முன்னால் ஒருமுறை கண்ணை ஸ்கோப்பில் இருந்து எடுத்து, குழல் எதைப் பார்க்கிறது என்று பாருங்கள்.

காசு எங்கே போட வேண்டும் என்று கேட்டால், துவக்கில் கொஞ்சம் மிச்சம் பிடித்து ஸ்கோப்பில் போடுங்கள் என்பேன். பீவர் வருவது பொழுது சாய்ந்த பிறகு. நல்ல கண்ணாடியில் முன்பக்கம் 50 அல்லது 56 மில்லிமீற்றர் இருந்தால் மற்றவர் எழும்பிப் போன பிறகும் உங்களுக்கு இருபது நிமிடம் கூடக் கிடைக்கும். அந்த இருபது நிமிடத்தில்தான் அது கரை ஏறும். காற்று உங்கள் பக்கமாக வீச வேண்டும். அதற்குக் கண் மங்கல், மூக்கும் காதும் பொல்லாதவை. ஒருமுறை வாலால் தண்ணீரில் "படார்" என்று அடித்துவிட்டால் அந்தக் குடும்பம் முழுவதற்கும் செய்தி போய்விடும், அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம். சத்தம் குறைப்பான் போடுங்கள், இங்கே வேட்டைக்காரர் பெரும்பாலும் போடுகிறார்கள், உங்கள் காதுக்கு அது நல்லது.

காலம் ஒக்டோபர் 1 இல் இருந்து ஏப்ரல் 30 வரை, சில இடங்களில் கொம்யூன் (உள்ளூராட்சி சபை) மே 15 வரைக்கும் நீட்டியிருக்கும். பிறகு குட்டி போடுகிற காலம். ஏப்ரல் கடைசிக் கிழமைகளில் பெட்டை வயிற்றோடு இருக்கும், ஆண் பெண் வெளியே பார்த்துச் சொல்லவும் முடியாது. அதனால் நான் அந்த நேரத்தில் சின்னதாகத் தெரிகிற, போன வருடத்துக் குட்டியைத்தான் தேடுவேன். இறைச்சியும் அதில்தான் மெத்து.

நீங்கள் போகிற இடத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 19 ஆம் நூற்றாண்டுக் கடைசியில் நோர்வேயில் மிஞ்சியிருந்த பீவர் நூறு அளவில்தான், அவையும் அக்டர், டெலமார்க் பக்கத்து ஆறுகளில். தோலுக்கும், வாலடியில் இருக்கிற வாசனைச் சுரப்பிக்குமாக மற்ற எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். சுவீடனில் ஒன்று கூட இல்லாமல் போய், 1922 இல் இங்கிருந்து கொண்டு போய் யெம்ட்லாண்டில் விட்டார்கள். இன்றைக்குச் சுவீடனில் இருக்கிற ஒரு இலட்சத்துக்கு மேலான பீவர் அப்படி நோர்வேயில் இருந்து போனவற்றின் பேரப்பிள்ளைகள். ஏப்ரலில் உங்களுக்கு முன்னால் வந்து நிற்கப் போவது அந்தப் பழைய குடும்பத்து ஆள்.

இறைச்சிக்கு வருவோம். உரிக்கும்போது கையுறை போடுங்கள், முயல் காய்ச்சல் என்று இங்கே சொல்லுகிற நோய் பீவரிலும் இருக்கலாம், கையில் கீறல் இருந்தால் தொற்றும். வாலடியில் இருக்கிற அந்த இரண்டு சுரப்பியையும் வெட்டாமல் முழுதாக எடுக்க வேண்டும், கத்தி பட்டு அதன் நெய் இறைச்சியில் ஊறினால் பிறகு எந்த மிளகாய்த்தூளாலும் மறைக்க முடியாது. கொழுப்பை முழுக்கச் சீவுங்கள், மரவாடை அதில்தான். சதை கருஞ்சிவப்பு, மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவில் ஒரு ருசி. எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் விடாமல், வறுத்த தூளும் மிளகும் போட்டு இரண்டரை மணித்தியாலம் மெல்லிய நெருப்பில் வைப்போம். அவசரப்பட்டால் செருப்பு. உள்ளே சிவப்பாக விட்டுச் சாப்பிடுகிற பழக்கம் இதில் வேண்டாம், நன்றாக வேக வேண்டும்.

துவக்கு அனுமதி பொலிஸில் இருந்து ஏப்ரலுக்கு முன் வருமா என்று நீங்கள் கவலைப்பட்டால், இந்த வருடம் நண்பரிடம் ஒன்றை இரவல் கேளுங்கள். இரவலுக்கும் எழுத்தில் பத்திரம் வேண்டும், வெறும் வாய்ச் சொல் போதாது. அவரிடம் எப்படியும் ஒரு 6.5 எங்கேயாவது மூலையில் இருக்கும், இந்த நாட்டில் அது இல்லாத காட்டு வீடு குறைவு. அதில் அவர் போடுகிற அதே தோட்டாவால் மைதானத்தில் ஒரு இருபது, முப்பது சூடு சுட்டுப் பாருங்கள், 20 மீற்றரிலும் 50 மீற்றரிலும். முதல் நாள் மாலை துவக்கை வீட்டில் வைத்துவிட்டு, தொலைநோக்கியோடு மட்டும் போய்க் குந்துங்கள். எந்த இடத்தால் ஏறுகிறது, எத்தனை மணிக்கு, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.